எல்லா எழுத்தையும் ஒப்பிக்கும், ஒரு சொல்லையும் வாசிக்காது: அறிகுறி பார்த்து வாசிப்புத் தடையை நீக்குவது

சிறப்புத் தேவையுள்ள பிள்ளை வாசிக்கத் தடுமாறினால், அதே பக்கத்தை இன்னும் பத்துத் தடவை சொல்லிக்கொடுப்போம் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அதனால் பயன் இல்லை. பிள்ளை தப்பாகச் சொல்வதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டால், எந்தப் படி விட்டுப்போனது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். 'மரம்' என்ற சொல்லை ஒரு பிள்ளை 'மரஇம்' என்கிறது. இன்னொன்று 'பரம்' என்கிறது. மூன்றாவது பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டு 'செடி' என்கிறது. மூன்றும் தப்புத்தான், ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர் பல நேரம் பாட்டியாகவோ அக்காவாகவோ இருப்பார். அம்மா ஷிப்ட் வேலைக்குப் போயிருப்பார், அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டிலிருந்து களைத்து வந்திருப்பார். அதனால் கீழே உள்ளவற்றை வீட்டில் கிடைக்கும் பொருளைக் கொண்டே செய்யலாம். மணிலா அட்டை இரண்டு தாள், தடித்த கறுப்பு மார்க்கர், பிஸ்கட் டின் மூடி, கொஞ்சம் ரவை, பாட்டில் மூடி ஐந்தாறு, ஒரு நோட்டுப் புத்தகம், இவ்வளவு போதும். அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஓர் அட்டைக்கு ஓர் எழுத்து, சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்தில் எழுதுங்கள். பூ, நட்சத்திரம், பளபளத் தாள் எதுவும் ஒட்ட வேண்டாம். பிள்ளையின் கண் எழுத்தை விட்டு அங்கே போய்விடும்.

எண்ணிக்கை வைக்க ரப்பர் கொட்டை வேண்டாம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளில் பொருளை வாயில் போடுபவர்கள் அதிகம். பச்சை ரப்பர் கொட்டையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பாட்டில் மூடியும் தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கக் கூடாது.

எதையும் தொடங்குமுன்: கண், காது

பிள்ளை புத்தகத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோகிறதா, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறதா, வரியைத் தொலைக்கிறதா? பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லையா, சளி பிடித்த வாரங்களில் மட்டும் மந்தமாகிறதா, காதில் சீழ் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் முதலில் கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார நிலையம்) போய்ப் பரிசோதனைக்கு எழுதி வாங்குங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குச் செவித்திறன் குறைவும் பார்வைக் குறைவும் மிகச் சாதாரணம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் 'ப'வும் 'ம'வும் 'த'வும் பிள்ளைக்கு ஒன்றுபோலக் கேட்கலாம். காதில் விழாத ஒலியை அட்டை காட்டிக் கற்பிக்க முடியாது.

அறிகுறி: அ முதல் ஃ வரை பாட்டாகச் சொல்லும், தனி எழுத்தைக் காட்டினால் விழிக்கும்

பிள்ளைக்குத் தெரிந்தது வரிசை மட்டும். 'ட' எது என்று கேட்டால் க, ங, ச, ஞ என்று முதலிலிருந்து ஓடி வந்துதான் அதைப் பிடிக்கும். சுவரில் தொங்கும் 247 எழுத்து அட்டவணை இதை இன்னும் கெட்டியாக்கிவிடும். 'ங', 'ஞ' போன்றவை தொடக்கத்தில் எந்தச் சொல்லுக்கும் உதவுவதில்லை, ஆனாலும் வரிசையில் இருப்பதால் பிள்ளை அவற்றில் வாரக்கணக்கைச் செலவழிக்கிறது.

அட்டவணையைக் கழற்றி வையுங்கள். க, ட, ம, ர, ல ஆகிய ஐந்தை மட்டும் எடுங்கள். ஐந்தும் உருவத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. இவற்றோடு ட், ம், ர், ல் நான்கையும் சேர்த்தால் மரம், கல், கடல், மலர், கட்டம் என்று உண்மையான சொற்கள் உடனே கிடைக்கும். முதல் இரண்டு நாள் இரண்டே அட்டை. மேசையில் வைத்து "ம எடு" என்று மட்டும் கேளுங்கள். பெயர் சொல்லச் சொல்ல வேண்டாம். எடுப்பது எளிது, சொல்வது கடினம், அதனால் எடுப்பது முதலில் வர வேண்டும். அட்டைகளை ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை 'இடப்பக்க அட்டை' என்றே கற்றுக்கொள்ளும். ஐந்துக்கு நான்கு சரியாக மூன்று நாள் தொடர்ந்து வந்த பிறகே அடுத்த எழுத்து.

பேச்சு வராத பிள்ளைக்கும் இதே பாடம்தான். கையால் தொடலாம், கண்ணால் பார்க்கலாம், இரண்டில் ஒன்றை நகர்த்தலாம். வாய் பேசாததால் வாசிக்கக் கற்பிக்காமல் விடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

அறிகுறி: ஒன்றை இன்னொன்றாக மாற்றிச் சொல்லும்

'ல'வும் 'வ'வும், 'ப'வும் 'ம'வும் 'ய'வும், 'ண'வும் 'ன'வும் வழக்கமாகக் குழம்புபவை. "இது ல, இது வ, நல்லாப் பார்" என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான் பெரும்பாலும் குழப்பத்தையே உண்டாக்குகிறது. ஒன்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு உறுதியாகும்வரை மற்றதைக் கண்ணில் காட்டாதீர்கள். இடையில் குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள்.

ஏற்கனவே குழம்பிவிட்டால் கை வழியாகப் போக வேண்டும். பிஸ்கட் டின் மூடியில் ரவையை அரை விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து எழுதச் செய்யுங்கள். எழுதும்போதே ஒலியைச் சொல்ல வேண்டும். கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்று இருந்தால் பயன் இல்லை. ரவையைத் தொடப் பிடிக்காத பிள்ளைகள், குறிப்பாக ஆட்டிசம் உள்ளவர்கள், உண்டு. அவர்களைக் கட்டாயப்படுத்தாமல் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தையோ வழவழப்பான பிளாஸ்டிக்கையோ கொடுத்துப் பாருங்கள். வாசலில் பாட்டி கோலம் போடும் வீடென்றால் கோலமாவில் ஓர் அடி உயரத்துக்கு எழுத்தைப் போட்டு அதன்மேல் நடக்க விடலாம். உடம்பு முழுவதும் அந்த வளைவில் திரும்பும்.

பாட்டி, தாத்தா எழுதிக்காட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, பிறகு இங்கும் பரவியது. அதற்கு முன் படித்தவர்கள் லை, ளை, னை, ணை நான்கையும் யானைத் தும்பிக்கை போன்ற வளைவோடு எழுதுவார்கள். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் அவற்றோடு தொடர்புடைய ஒகர, ஓகார எழுத்துகளுக்கும் பழைய உருவம் உண்டு. எல்லாமாகப் பதின்மூன்று எழுத்து. பாட்டியின் கையெழுத்தும் பாடநூலும் வேறுபடுவதைப் பிள்ளையால் சொல்லத் தெரியாது, சும்மா தடுமாறும். அந்தப் பதின்மூன்றுக்கும் புது உருவ அட்டையைப் பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: எழுத்து எல்லாம் தெரியும், சேர்க்க வராது. 'ம… ர… இம்… மரஇம்'

இந்தப் பிழைக்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். மெய்யெழுத்துக்கு இக், இங், இச் என்று பெயர் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். 'இம்' என்பது பெயர், அதன் ஒலி 'ம்'. பிள்ளை பெயரையே ஒட்டவைக்கிறது, அதனால் 'மரஇம்' வருகிறது. பெயரை ஒலியாக எடுத்துக்கொள்ளும் பிள்ளையிடம் "சேர்த்துச் சொல்லு, வேகமாச் சொல்லு" என்று விரட்டினால் 'மரஇம்' இன்னும் வேகமாக வரும், அவ்வளவுதான்.

சரிசெய்வது இப்படி. புள்ளி எழுத்தைத் தனியாகக் காட்டவே வேண்டாம். 'ர' அட்டையையும் 'ம்' அட்டையையும் அருகருகே ஒட்டி, ஒரே அட்டையாக 'ரம்' என்று சொல்லிக்கொடுங்கள். டல், லர், ரம், டம் இவைதான் சொல்லைக் கட்டும் செங்கல். இவை நாலைந்து உறுதியான பிறகு, மேசையில் 'ம' அட்டையை இடப்பக்கமும் 'ரம்' அட்டையை ஒரு சாண் தள்ளி வலப்பக்கமும் வையுங்கள். பிள்ளையின் விரல் 'ம' மேல் இருக்கட்டும். 'மஅஅஅ' என்று மூச்சை விடாமல் இழுத்துக்கொண்டே அட்டையை வலப்பக்கம் தள்ளச் சொல்லுங்கள். இரண்டு அட்டையும் இடிக்கும் நேரத்தில் 'ரம்' வர வேண்டும். இழுக்கும் ஒலி நடுவில் அறுந்தால் சொல்லும் உடைந்துவிடும். அதனால்தான் ம, ர, ல போன்று இழுக்க வரும் எழுத்தில் தொடங்கும் சொல் முதலில். கடல், பகல் போன்றவை பிறகு.

பள்ளியில் மலாய் வாசிப்பிலும் மா-கான், பூ-லான் என்று அசை பிரித்துத்தான் கற்பிக்கிறார்கள். மலாயில் அசை பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு 'ம-ரம்', 'க-டல்' புதிதாகத் தெரியாது. "மலாய்ல செய்யுற மாதிரியே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இதன் கூடவே வரும் இன்னொரு பிழை, 'பட்டம்' என்பதைப் 'படம்' என்று படிப்பது. நடுவிலிருக்கும் 'ட்' கண்ணில் படுகிறது, வாயில் வரவில்லை. அந்த இடத்தில் கையை மூடி ஒரு நொடி நிறுத்தப் பழக்குங்கள்: ப, மூடிய கை, டம். கடை–கட்டை, படு–பட்டு என்று இணையாக எடுத்து, பிள்ளை முதலில் காதால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கட்டும். காதுக்குப் புரியாமல் கண்ணுக்குப் புரியாது.

அறிகுறி: கொம்பு, கால் வந்ததும் எல்லாம் சாய்ந்துவிடும்

'பால்' என்பதைப் 'பரல்' என்று படிக்கிறதா? துணைக்காலும் 'ர'வும் பார்க்க ஒன்றுதான், பிள்ளை மேல் குற்றமில்லை. 'கெண்டி', 'கேணி' வந்தால் நின்றுவிடுகிறதா? இடமிருந்து வலம் படி என்று நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். இங்கே இடப்பக்கம் நிற்பது கொம்பு, அதற்குத் தனியே ஒலி கிடையாது. 'கொ' இன்னும் கடினம். கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் உடல். அதைக் 'கெ' என்றும் 'ர' என்றும் பிரித்து 'கெர' என்று படிப்பது பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான வாசிப்பு.

மருந்து, உடலை முதலில் தேடுவது. எழுத்தின் உடலைக் கறுப்பிலும் குறியைச் சிவப்பிலும் எழுதுங்கள். பழைய பிளாஸ்டிக் கோப்பு உறையைத் துண்டு போட்டு, ஒன்றில் ஒற்றைக்கொம்பு, ஒன்றில் துணைக்கால் என்று வரைந்துகொள்ளுங்கள். 'க' அட்டையை வைத்து "இது யாரு?" "க." பின்னால் கால் துண்டை வைத்து "இப்ப?" "கா." காலை எடுத்துவிட்டு முன்னால் கொம்பு: "கெ." கொம்பு இருக்கும்போதே பின்னால் கால்: "கொ." கண்முன்னே உடல் அசையாமல் நிற்பதும் குறி மட்டும் வந்து போவதும் தெரிய வேண்டும். அச்சிட்ட பக்கத்தில் இது தெரியாது, கையில்தான் தெரியும். சிவப்பை இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல அடர்நிறமாக்கி, கடைசியில் கறுப்பாக்கிவிடுங்கள். இதை மறந்தால் பிள்ளை வண்ணம் இருந்தால்தான் படிக்கும்.

வரிசை: துணைக்கால் முதலில், பிறகு இகரம், ஈகாரம், பிறகு உகரம், ஐகாரம், அதன்பின் எகர ஏகாரம், ஒகர ஓகாரம். ஔகாரம் கடைசி. அந்தச் சொற்கள் மிகச் சில, அவற்றுக்காக ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம்.

உகரத்தில் பலர் தோற்பதற்குக் காரணம், அதற்கு ஒரே குறி இல்லாதது. உருவம் பார்த்து மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொடுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். சு, பு, வு, யு, ஙு அடுத்தது. து, நு, ணு, னு, லு, று, ஞு மூன்றாவது. ஒரு கூட்டம் முடியாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். ஙு, ஞு இரண்டையும் விட்டுவிட்டால் ஒன்றும் குறையாது.

அறிகுறி: நேற்றுத் தெரிந்தது, இன்றைக்குத் தெரியவில்லை

சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு நினைவில் நிற்கத் திரும்பத் திரும்பச் சந்திப்பு வேண்டும், அந்தச் சந்திப்புகளுக்கு இடைவெளியும் வேண்டும். நாற்பது நிமிடம் ஒரே மூச்சாக உட்காரவைப்பதைவிட ஐந்து நிமிடம் நான்கு தடவை நல்லது: பள்ளிப் பேருந்து வருமுன், சாப்பாட்டுக்குப் பின், மாலையில், தூங்குமுன். கட்டுக்குள் பத்து அட்டை இருந்தால் எட்டு நன்றாகத் தெரிந்தவை, இரண்டு மட்டும் புதியவை. முழுவதும் புதியதென்றால் பிள்ளை தோற்றுக்கொண்டே இருக்கும், இரண்டாம் நாளே அட்டையைப் பார்த்ததும் ஓடும்.

பிள்ளை தவறாகச் சொல்லும்வரை காத்திருந்து "இல்லை" என்பதைவிட, இரண்டு நொடியில் பதில் வராவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். மூன்று அட்டை கழித்து அதையே மறுபடி காட்டுங்கள். வாயிலிருந்து தப்பு எத்தனை தடவை வருகிறதோ அத்தனை தடவை அதுவும் பதியும்.

அறிகுறி: படத்தைப் பார்த்து ஊகிக்கும், அல்லது புத்தகத்தையே மனப்பாடம் செய்துவிடும்

படத்தை ஓர் அட்டையால் மறைத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்த பிறகு அட்டையை எடுத்தால் படம் பரிசாகும். மனப்பாடமா என்று பார்க்க, வாக்கியத்தைத் தனிச் சொற்களாக வெட்டிக் கலைத்துக் கொடுங்கள்.

ஆனால் ஒரு விலக்கு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலருக்குக் கேட்டு நினைவில் வைப்பது கடினம், பார்த்து நினைவில் வைப்பது பலம். அவர்களுக்கு முழுச் சொல்லை உருவமாகவே கொடுத்துத் தொடங்கலாம்: அம்மா, அப்பா, பிள்ளையின் பெயர், மைலோ, பேருந்து. ஒரு தடவைக்கு மூன்று சொல். முதலில் அட்டையோடு அதே அட்டையைப் பொருத்துவது, பிறகு சொன்னதை எடுப்பது, கடைசியில் தானே சொல்வது. முப்பது, நாற்பது சொல் சேர்ந்த பிறகு அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கும் எழுத்துகளைப் பிரித்துக் காட்டுங்கள்.

அறிகுறி: கடகடவென்று வாசிக்கும், என்னவென்று கேட்டால் தெரியாது

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளிடம் இதைப் பார்க்கலாம். கடைப் பலகை, மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் படித்துவிடும். இங்கே எழுத்துப் பயிற்சி இன்னும் கொடுப்பது வீண். படித்ததைச் செய்ய வையுங்கள். "கதவைத் தட்டு", "பாட்டிக்குத் தண்ணீர் கொடு", "செருப்பை வெளியே வை" என்று அட்டையில் எழுதிக் கொடுத்து, வாயால் எதுவும் சொல்லாதீர்கள். செய்தால் புரிந்திருக்கிறது. செய்யாவிட்டால் வாக்கியத்தைச் சுருக்கி, நீங்கள் ஒரு தடவை செய்துகாட்டுங்கள்.

எழுத்துத்தமிழே புரியாமல் போவதும் உண்டு. வீட்டில் 'வந்துட்டான்', புத்தகத்தில் 'வந்துவிட்டான்'. வீட்டில் 'பசார்', புத்தகத்தில் 'சந்தை'. அந்தச் சொல்லைப் பிள்ளை காதாலேயே கேட்டதில்லை. பாடத்துக்கு முதல்நாள் அந்தச் சொற்களைப் பேச்சில் புழங்கவிடுங்கள். முதல் வாசிப்புப் பக்கத்தை நீங்களே எழுதினால் பெரட்டு (தோட்டத்துக் காலை வருகைக் கணக்கு), பால்மரம் (ரப்பர் மரம்), செம்பனை, லயம் (தொழிலாளர் வரிசை வீடு) என்று பிள்ளைக்குத் தெரிந்த உலகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: உட்காராது, அட்டையை வீசும், அழும்

மூன்று கேள்வி. பாடம் கடினமா? தெரிந்த அட்டைக்குத் திரும்பிப் பாருங்கள், அமைதியானால் அதுதான் காரணம். இடம் சத்தமா? தொலைக்காட்சியும் வானொலியும் ஓடிக்கொண்டிருந்தால் அணையுங்கள். பிள்ளையைச் சுவரைப் பார்த்து உட்காரவையுங்கள், வாசலைப் பார்த்து அல்ல. எப்போது முடியும் என்று தெரியவில்லையா? ஐந்து பாட்டில் மூடியை வரிசையாக வைத்து, ஓர் அட்டை முடிந்ததும் ஒன்றை டின்னில் போடச் சொல்லுங்கள். மூடி தீர்ந்ததும் பாடம் தீர்ந்தது. நன்றாகப் போகிறதே என்று ஆறாவது மூடியைச் சேர்க்காதீர்கள். அந்த ஒரு தடவையில் நம்பிக்கை போய்விடும்.

எழுதப் பிடிக்காத பிள்ளைக்கு வாசிப்பையும் எழுத்தையும் பிரித்துவிடுங்கள். விரலில் வலுவில்லாததால் பென்சிலை வெறுக்கும் பிள்ளை, இருபது தடவை எழுதச் சொன்னதால் எழுத்தையே வெறுக்கத் தொடங்கும்.

எப்போது வெளியுதவி

தமிழில் மட்டும் தடுமாறி மலாயில் சரளமாக இருந்தால், பெரும்பாலும் தமிழில் விட்டுப்போன படிதான் காரணம், மேலே தேடுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி, இரண்டு மூன்று மாதம் தினமும் செய்தும் அசையவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். கிளினிக் கெசிஹாத்தான் மருத்துவரிடம் சொன்னால் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார். மருத்துவர் உறுதிசெய்த பின் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. அட்டைக்குச் சமூகநல இலாகாவிலும், சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாவட்டக் கல்வி இலாகாவிலும் விண்ணப்பிக்கலாம். எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் அந்த வகுப்பு இல்லை. எந்தப் பள்ளியில் இருக்கிறது, போக்குவரத்துக்கு என்ன வழி என்று அங்கேயே கேளுங்கள். 2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி, சேர்ந்த பிறகு மூன்று மாதம் வரை பிள்ளையைக் கவனித்துப் பார்க்கும் காலம் உண்டு.

போகும்போது நோட்டைக் கொண்டுபோங்கள். "படிக்க மாட்டேங்குறான்" என்று சொன்னால் மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் ஒன்றும் தெரியாது. தேதி, காட்டிய சொல், பிள்ளை சொன்னது, எத்தனைக்கு எத்தனை சரி என்று நான்கு நெடுவரிசை போதும். 'பால்' – 'பரல்', ஐந்துக்கு ஒன்று. துண்டு வைத்துக் காட்டிய பின் ஐந்துக்கு நான்கு. அந்த ஒரு வரியைப் பார்த்தாலே ஆசிரியருக்கு நாளை எங்கே தொடங்குவது என்று தெரியும்.